அப்பாவிடம் காற்றைப் பற்றிக் கேள்

அன்புள்ள ஐயா,

நான் தங்கச்சிமடத்துக்காரன். இப்போது சென்னையில் மென்பொருள் வேலை. ஜனவரிக் கடைசியில் நண்பர்கள் நான்கு பேரோடு உத்தராகண்ட் போய், சோப்டாவிலிருந்து துங்கநாத் வழியாகச் சந்திரசிலா உச்சிக்கு ஏறப்போகிறோம். பணம் கட்டியாயிற்று. எந்த ஜாக்கெட், எந்த ஷூ வாங்குவது? குளிருக்குக் கொஞ்சம் பிராந்தி எடுத்துப்போகலாமா? போனில் வானிலை பார்த்தால் வெயில் என்றுதான் காட்டுகிறது. அப்பா மட்டும் வேண்டாம் என்கிறார். காற்று கொஞ்சம் தூக்கினாலே கடலுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்துவிடுகிற மனிதர் அவர். கடலில் நனைந்து வளர்ந்த பிள்ளை குளிருக்குப் பயப்படலாமா? நீங்கள் அந்தப் பக்கம் மலையேறியவர் என்பதால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்த அன்று மண்டபத்தில் வாடை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கடலுக்குப் போக மீன்வளத் துறை கொடுக்கிற அனுமதி டோக்கன் கொடுக்கவில்லை. பாக் நீரிணைப் பக்கம், நம் வடகடலில், விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில், இடையிடையே 65’ என்ற அறிவிப்பு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். அந்தக் காற்றைக் கேட்டுக்கொண்டே, 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டில் சஹஸ்திர தால் ஏரிக்குப் போகும் மலைப்பாதையில் இறந்துபோன 9 பேரை நினைத்துக்கொண்டிருந்தேன். கர்நாடகத்திலிருந்து போன குழு அது. கோடைக் காலம்தான். மேலே போய்விட்டுத் திரும்பும் வழியில் பனிக்காற்று பிடித்துக்கொண்டது, குளிரிலேயே உயிர் போய்விட்டது. உன் கடிதத்தைப் படித்ததும் உடனே எழுதத் தோன்றியது அதனால்தான்.

ஜாக்கெட் விஷயத்தை முடித்துவிடுகிறேன். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. உடம்போடு ஒட்டும் துணி பருத்தியாக இருக்கக் கூடாது, வெளித்துணி காற்றை உள்ளே விடக் கூடாது. ஷூவில் தடித்த காலுறையோடு கால்விரல்கள் அசைய இடம் வேண்டும். பனியில் வழுக்காமல் ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்பட்டை அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம், பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் புண்ணாக்கிவிடும். கடல் மட்டத்திலிருந்து போகிறவன் நீ, சோப்டாவே சுமார் 2,700 மீட்டர். அங்கே ஒரு ராத்திரியாவது தங்கிவிட்டு ஏறு. தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே போகாதே. இவ்வளவுதான்.

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன். காற்று தூக்கினால் வீட்டில் உட்கார்ந்துவிடுகிற மனிதர் என்று அப்பாவை எழுதியிருக்கிறாயே, எந்த மனசோடு எழுதினாய்? அவர் அப்படி உட்கார்ந்ததால்தான் நீ இன்று அப்பா இருக்கிற பிள்ளை. நம் கரையில் எத்தனை வீட்டில் அது இல்லை என்று உனக்குத் தெரியாதா? படகு முதலாளியான சம்மாட்டி முகம் சுளித்திருப்பார், வட்டிக்காரன் வாசலில் நின்றிருப்பான், அன்றைய சோற்றுக்கு வழி இருந்திருக்காது. அதையெல்லாம் தாங்கிக்கொண்டு ‘இன்னைக்கு வேணாம்’ என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் தெரியுமா? அதைப் பயம் என்கிறாய். எனக்குக் கோபம் வருகிறது தம்பி.

நீ போகப்போகிற மலையில் உன்னைக் கொல்லக்கூடியதும் காற்றுதான். கணக்குப் போட்டுப் பார். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். சந்திரசிலா ஏறக்குறைய 4,000 மீட்டர் என்கிறார்கள். சோப்டாவில் நண்பகலில் 3 டிகிரி என்றால் உச்சியில் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 5 டிகிரி இருக்கும். அதுகூடப் பரவாயில்லை, நல்ல துணி போட்டால் தாங்கும். அதோடு 40 கிலோமீட்டர் காற்று சேர்ந்தால் வெறும் தோலுக்கு அது மைனஸ் 14 டிகிரிக் குளிர். 40 கிலோமீட்டர் காற்று நமக்கு என்ன? டோக்கனை நிறுத்தக்கூட அது போதாது. அதே காற்று அந்த முகட்டில் விரல்களை மரக்கவைக்கும், ஜிப்பைக்கூட இழுக்க முடியாமல் செய்யும், கொஞ்ச நேரத்தில் புத்தியையும் மந்தமாக்கும். உன் போன் காட்டுகிற வெயில் கீழே இருக்கிற ஊருக்கானது. முகட்டுக் காற்று அதில் வராது.

கடலில் நனைந்து வளர்ந்தவன் என்கிறாய். என் சித்தப்பா உன்னைவிட அதிகம் நனைந்தவர். ஒரு மார்கழியில் வடகடலில் அவருடைய வல்லம் கவிழ்ந்தது. காலி கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க மிதந்தவரை விடிந்த பிறகு இன்னொரு படகுக்காரர்கள் தூக்கி வந்தார்கள். நம் கடல் உறைகிற கடலா என்ன? ஆனாலும் உடம்புச் சூட்டைவிடக் குறைந்த தண்ணீர் விடாமல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், காற்றைவிடப் பல மடங்கு வேகமாக. கரைக்கு வந்தபோது அவருக்கு நடுக்கம் நின்றிருந்தது. நாக்கு குழறியது. ‘எனக்கொண்ணுமில்ல, விடுங்க’ என்று கையைத் தட்டிவிட்டார். குடித்திருக்கிறார் என்றுகூட ஒருவர் சொன்னார். என் அப்பத்தாதான் கூட்டத்தை விலக்கி, ஈரத்துணியை எல்லாம் உருவிப்போட்டு, தெருவில் இருந்த காய்ந்த சேலைகளைக் கொண்டுவரச் சொல்லிச் சுற்றினாள். நடக்கவிடாதே, கையைக் காலைத் தேய்க்காதே என்றாள். சாராயம் கொண்டுவந்தவனை விரட்டியே விட்டாள். பேச்சு தெளிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடான கருப்பட்டித் தண்ணீர் கொடுத்தாள். இன்று மலையேற்றப் பயிற்சியில் சொல்லித்தருவதும் இதைத்தான். உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் முதலில் நடுக்கம், பிறகு தடுமாற்றம், குழறல், காரணமில்லாத எரிச்சல். நடுக்கம் நின்றுவிட்டால் குளிர் போய்விட்டது என்று அர்த்தமில்லை, ஆள் போய்க்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். உன் பிராந்திக் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மது தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து சூடுபோல ஒன்றைக் காட்டும், உள்ளே இருக்கிற சூட்டை வெளியே இறைத்துவிடும்.

ஒரே ஒரு இடத்தில் நம் ஊர் அறிவு உன்னைக் கவிழ்த்துவிடும், அதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வாடைக்கு ஒதுங்க நாம் மறைவு தேடுவோம். தீவுக்குப் பின்னால் போவோம், வாடைக் காலம் முழுக்கப் படகை மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடலுக்கு மாற்றி வைப்போம். காற்று படாத பக்கம் பத்திரம் என்பது நம் ரத்தத்தில் இருக்கிறது. பனிமலையில் அது அப்படியே தலைகீழ். காற்று தான் மோதுகிற பக்கத்துப் பனியைச் சுரண்டி, மறைவான பக்கத்துச் சரிவில் கொண்டுபோய்க் கொட்டும். பழைய பனியோடு ஒட்டாமல் அது பலகையாக இறுகி உட்கார்ந்திருக்கும். முகட்டின் ஓரத்தில் தாழ்வாரம்போல் வெளியே நீண்டிருக்கும், மேலே நிற்பவனுக்கு அடியில் தரை இல்லை என்பதே தெரியாது. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பனிச்சரிவு அதிகம். பெரும்பாலும் சிக்கியவர்களோ கூட வந்தவர்களோ கால் வைத்ததாலேயே அது கிளம்புகிறது. புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். 2022 அக்டோபரில் உத்தராகண்டின் திரௌபதி கா டாண்டா சிகரத்தில் பனிச்சரிவில் இறந்த 27 பேர் மலையேறும் பயிற்சியில் இருந்தவர்களும் பயிற்சி கொடுத்தவர்களும். ஆகவே காற்று அடிக்கிறதே என்று பாதையை விட்டு மறைவான சரிவுக்கு இறங்காதே. அங்கே ஒதுங்க நினைத்தால் கீழே, வந்த வழியே, மரங்கள் இருக்கிற உயரத்துக்கு வா.

அந்தப் பக்கம் குளிர்காலப் பனி மேற்கிலிருந்து வருகிறது. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தானைத் தாண்டி வருகிற ‘மேற்கத்திய இடையூறு’ என்று வானிலைத் துறை சொல்லும். அது வருகிற செய்தி இரண்டு மூன்று நாள் முன்பே கிடைத்துவிடும். பொழிந்து முடிந்ததும் வானம் கழுவிவிட்டாற்போல் தெளியும், எல்லோரும் அன்றுதான் போட்டோ எடுக்க ஓடுவார்கள். புதுப்பனி விழுந்த பிறகு வருகிற அந்த ஓரிரு நாட்கள்தான் சரிவுகள் அதிகம் இளகுகிற நாட்கள். சண்டிகரில் இருக்கும் பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. நீ போகிற ருத்ரப்பிரயாகை மாவட்டமும் அதில் வரும். நம் அப்பாக்கள் துறைமுகத்துப் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணைக் கேட்பதுபோல் நீ அதைக் கேள்.

அந்த ஊர்க்காரர்களும் குளிர்காலத்தில் மேலே இருப்பதில்லை. தீபாவளியை ஒட்டிய நாட்களில் துங்கநாதரை மக்குமடத்துக்கும் கேதாரநாதரை உகிமடத்துக்கும் இறக்கிக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஜனவரியில் நீ பார்க்கப்போவது பூட்டிய கோயில். ராமேஸ்வரத்திலிருந்து மணல் எடுத்துக்கொண்டு காசிக்குப் போகிற நமக்கு இது புரியாதா? சாமியே கீழே இறங்குகிற பருவத்தில் நீ மேலே ஏறுகிறாய், அதற்கேற்ற மரியாதையோடு ஏறு.

பாம்பன் பாலத்தில் காற்றின் வேகம் கூடினால் ரயிலையே நிறுத்திவைக்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கிற யாரும் எஞ்சின் டிரைவரைக் கோழை என்று சொல்வதில்லை. மலைக்குப் போனால் மட்டும் ஏன் வெட்கம் வருகிறது? பணம் கட்டியாயிற்று என்கிறாய். பணம் கட்டியவன் திரும்ப மாட்டான், கூட வந்தவன் திரும்பாததால் அவனும் திரும்ப மாட்டான், வழிகாட்டிக்கு வயிற்றுப்பாடு, அவரும் சொல்ல மாட்டார். இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே ஏறிப் போய்த்தான் குழுவாகச் சாகிறார்கள்.

போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். போ, அந்த மலை அவ்வளவு அழகு. அதற்கு முன்னால் ஒரு சனி ஞாயிறு ஊருக்கு வா. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, எதைப் பார்த்து அன்றைக்குப் போக வேண்டாம் என்று முடிவு செய்கிறார் என்று கேள், குறுக்கே பேசாமல் கேள். உள்ளூர் வழிகாட்டியோடு போ. உச்சியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நண்பகல் 12 மணிக்குத் திரும்புவது என்று கிளம்பும்போதே பேசி வையுங்கள், ஜனவரிக் கடைசியில் அங்கே ஆறு மணி வாக்கில் வெளிச்சம் போய்விடும். ஐந்து பேரில் யார் ஒருவர் ‘திரும்பலாம்’ என்று சொன்னாலும் காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்ப வேண்டும். இந்தக் கடிதத்தை உன் நண்பர்களுக்குப் படித்துக் காட்டு. இதற்குச் சம்மதிக்காதவன் ஒருவன் இருந்தாலும் அந்தக் குழுவோடு போகாதே.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து