வயர்லெஸ் கேமராவுக்கும் வயர் உண்டு

கோடைப் பயணங்கள் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி மோட்டார்ஹோமின் (படுக்கை, சமையலறையோடு ஓடும் வீட்டு வண்டியின்) பின்பக்கத்தைப் பற்றியே இருக்கும். இந்த முறை எல்லாமே ரிவர்ஸ் கேமரா. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

ஃபோர்டு இ-450 சேஸியில் 31 அடி மோட்டார்ஹோம் வைத்திருக்கிறேன், டல்லாஸில். "வயர்லெஸ்" என்று போட்டிருந்ததால் வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் கேமராவிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர் தொங்குகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. வயர் இல்லாமல் போவது படம் மட்டும்தான். கேமராவுக்கு 12 வோல்ட் மின்சாரம் வயர் வழியாகத்தான் வர வேண்டும். பேட்டரியும் சோலாரும் வைத்த கேமராக்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றைச் சார்ஜ் செய்வது இன்னொரு வேலை.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் இதில் உண்மையான கேள்வி. எல்லோரும் முதலில் போவது ரிவர்ஸ் லைட்டுக்கு. கார் என்றால் அது சரி. வயர்லெஸ் கேமராவில் ஒரு சிக்கல் இருக்கிறது: மின்சாரம் வந்ததும் அது மானிட்டரைத் தேடிப் பிடித்து இணைய சில நொடி ஆகும். நீங்கள் ரிவர்ஸ் கியர் போட்டு, திரை கறுப்பாக இருக்கும்போதே காலை பிரேக்கிலிருந்து எடுத்திருப்பீர்கள். அதோடு, நெடுஞ்சாலையில் பின்னால் யார் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று பார்க்கவும் முடியாது. இத்தனை நீள வண்டியில் எனக்கு அதுதான் பெரிய பயன்.

உங்கள் வண்டியின் பின் சுவர் உச்சியில் நடுவில் வரிசையாக மூன்று சிவப்பு விளக்குகள் இருக்கும். 80 அங்குலமும் அதற்கு மேலும் அகலமான வண்டிகளுக்கு அமெரிக்காவில் அவை கட்டாயம். அந்த மார்க்கர் லைட்டிலிருந்து எடுங்கள். கேமரா உட்கார வேண்டிய இடமும் அதன் பக்கத்தில்தான், அதனால் ஒரு சாண் வயர் போதும். பார்க்கிங் லைட் போட்டால் கேமரா ஓடும். பகலிலும் விளக்கு எரிந்தால் பின்னால் வருபவருக்கும் நல்லதுதான். கேமரா பொதுவாக அரை ஆம்பியர்கூட இழுக்காது, அதனால் எல்.ஈ.டி. விளக்கு வயர் தாங்கும். வழியில் சின்னதாக ஒரு பியூஸ் போட்டுவிடுங்கள்.

டிரில்லை எடுப்பதற்கு முன் இன்னொன்று. அந்த விளக்குகளுக்கு அருகே கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளைத் தொழிற்சாலையிலேயே கேமராவுக்குத் தயார் செய்து அனுப்புகிறார்கள்; ஃபியூரியன் என்ற நிறுவனத்தின் கேமராவுக்கான மூடி அப்படித்தான் இருக்கும். கழற்றினால் உள்ளே வயர் சுருண்டு கிடக்கும். நான் முதன்முதலில் இந்த வேலை செய்தபோது மூடியைக் கவனிக்காமல் பக்கத்திலேயே புதுத் துளை போட்டு, உள்ளே ஓடிய வயரையும் அறுத்துவிட்டேன். அன்று ராத்திரி, மூலை விளக்குகளையும் சேர்த்து ஐந்தில் இரண்டுதான் எரிந்தது.

துளையை எதை வைத்து அடைப்பது? வீட்டில் சிலிக்கோன் இருக்கிறது.

அது குளியலறையிலேயே இருக்கட்டும். சிலிக்கோன் ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு வேறு எந்த சீலன்ட்டும் ஒட்டாது. அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்), மேலேயும் பக்கங்களிலும் மோட்டார்ஹோம் போன்ற ஆர்.வி. வண்டிகளுக்கென்று விற்கும் சீலன்ட். செங்குத்தான சுவர் என்பதால் வழியாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். கூரைக்கான, தானாகப் பரவும் வகை சுவரில் ஒழுகி இறங்கிவிடும். ஃபைபர்கிளாஸ் சுவருக்குள் தண்ணீர் இறங்கினால் உள்ளே ஒட்டியிருக்கும் பலகை உப்பிப் பிரியும். அந்தச் செலவில் பத்து கேமரா வாங்கலாம்.

படம் திடீரென்று கோடு கோடாகிறது, சில நேரம் உறைந்து நிற்கிறது. குழந்தைகள் பின்னால் டேப்லெட் பார்க்கும்போது அதிகம்.

கோடு கோடாக வந்தால் உங்களுடையது பழைய அனலாக் வகையாக இருக்கலாம். வைஃபை, புளூடூத் எல்லாம் நெரிசலாக ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் அதுவும் ஓடுகிறது, ஒரே அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு. டிஜிட்டல் வகை அலைவரிசை விட்டு அலைவரிசை தாவிக்கொண்டே இருக்கும். ஒன்றில் கூச்சல் என்றால் அடுத்ததற்குப் போய்விடும். அது தடுமாறும்போதுதான் படம் உறையும். கோட்டைவிட உறைவதுதான் ஆபத்து: திரையில் காலியாகத் தெரியும் இடம் அரை நிமிடத்துக்கு முந்தைய இடமாக இருக்கலாம். கடிகாரமோ அசையும் புள்ளியோ திரையில் தெரியும்படி அமைக்க முடிந்தால் அமையுங்கள்.

ஆன்டெனாவையும் பாருங்கள். கேமராவுக்கும் மானிட்டருக்கும் நடுவே இரும்புச் சட்டம், ஃபிரிட்ஜ், அலுமினியச் சுவர் எல்லாம் நிற்கின்றன. கேமரா ஆன்டெனாவை நீட்டிப்பு வயர் போட்டு வண்டிக்குள் கொண்டுவந்தாலே பலருக்குச் சரியாகிவிடுகிறது.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு: துளை போடும் முன் கேமராவை டேப்பால் பின் சுவரில் ஒட்டி, ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். என்ஜின் ஓட வேண்டும், கதவெல்லாம் மூடியிருக்க வேண்டும், வைஃபை, மைக்ரோவேவ் எல்லாம் ஓட வேண்டும். அதில் தேறினால் பொருத்துங்கள். தேறாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

டிஜிட்டலில் படம் தாமதமாக வரும் என்கிறார்களே?

வரும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் பின்னால் வருகிறீர்கள் என்றால் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர். 0.2 நொடி தாமதம் என்றால் வண்டி 28 சென்டிமீட்டர் நகர்ந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். ஏறக்குறைய ஓர் அடி. அந்த அளவு இடம் விட்டு நிறுத்தப் பழகினால் பிரச்சினை இல்லை. போனில் பார்க்கும் வைஃபை கேமராக்களில் தாமதம் இதைவிடக் கூடலாம் என்பதால் பெரிய வண்டிக்கு நான் சொல்வதில்லை.

மெல்பர்ன், ஃபியட் டுகாட்டோ வேன். ரிவர்ஸ் லைட்டில் இணைத்தேன். கேமரா விட்டு விட்டு அணைகிறது. கேமரா கோளாறா?

கேமராவைக் குறை சொல்லும் முன் மின்சாரத்தைப் பாருங்கள். பல புது வண்டிகளில் பல்புக்குப் போவது சீரான மின்சாரம் இல்லை. கம்ப்யூட்டர் அதை வேகமாக வெட்டி வெட்டி அனுப்புகிறது. கண்ணுக்கு விளக்கு எரிவதாகத் தெரியும், கேமராவுக்கோ நொடிக்குப் பல தடவை கரண்ட் போய்வருகிறது. மல்டிமீட்டரில் 12-க்குக் குறைவாக ஏதோ ஓர் எண் வந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். நடுவே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போடச் சொல்வார்கள். அதே வெட்டுகிற மின்சாரத்தில் ரிலேயும் கடகடக்கும். சாவி போட்டால் மட்டும் வரும் 12 வோல்ட்டை பியூஸ் வழியாகத் தனியாக எடுத்துக் கொடுங்கள்.

கோவை. ஃபோர்ஸ் டிராவலரைக் கேரவனாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவிலிருந்து அண்ணன் ஒரு வயர்லெஸ் செட் வாங்கி வந்திருக்கிறார். பொருந்துமா?

டிராவலர் 12 வோல்ட்தான், பொருந்தும். பஸ் சேஸியில் கட்டுபவர்கள் மட்டும் கவனிக்கவும்: அது பெரும்பாலும் 24 வோல்ட், அப்படியானால் கேமராவில் 12–24 என்று போட்டிருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உள்ளே இன்னும் பிளைவுட் அடிக்கவில்லை, சுவர் திறந்துதானே கிடக்கிறது? அப்படியானால் வயர்லெஸ் எதற்கு? பின்னாலிருந்து டேஷ்போர்டு வரை ஒரு குழாய் விட்டு, ஏ.எச்.டி. கேமராவும் (கேபிள் வழியாகத் தெளிவான படம் அனுப்பும் வகை) கேபிளும் போட்டுவிடுங்கள். முழு இரும்பு பாடியில் அதுதான் நிற்கும். வயர்லெஸ் என்பது சுவரைப் பிரிக்க முடியாதவர்களுக்கான வழி. அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

இடது வலது மாறித் தெரிகிறது.

மானிட்டர் மெனுவில் "மிரர்" என்று இருக்கும், மாற்றுங்கள். சில கேமராக்களில் அதற்கென்று ஒரு சின்ன வயர் வளையம் இருக்கும். கையேட்டைப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

அமெரிக்காவில் ரிவர்ஸ் கேமரா கட்டாயம் என்கிறார்கள். என் 2019 மோட்டார்ஹோமில் இல்லையே?

2018 மே 1 முதல் கட்டாயம்தான், ஆனால் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு வரை உள்ள புது வண்டிகளுக்கு. பெரிய மோட்டார்ஹோம்கள் அந்த வரம்பைத் தாண்டிவிடுகின்றன. காரைவிடப் பெரிய குருட்டுப் பகுதி உள்ள வண்டிக்கு விதி இல்லை என்பது எனக்கும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

கேமரா மாட்டிய பிறகும் என் கணவர் என்னை மழையில் இறக்கி, பின்னால் நின்று பார்க்கச் சொல்கிறார். இது நியாயமா?

குடை கொடுத்தாரா? கொடுத்திருந்தால் நியாயம்தான். கேமரா கீழ்நோக்கிப் பார்க்கிறது, கூரை ஏ.சி.யில் உரசப்போகும் மரக்கிளை அதில் தெரியாது. பின் சக்கரத்துக்குப் பிறகு பத்தடி நீட்டிக்கொண்டிருக்கும் வால், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது எதிர்ப்பக்கம் வீசும். பக்கத்துக் கம்பத்தில் இடிப்பது பெரும்பாலும் அதுதான். ஆகவே ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் அவருக்குத் தெரியும்படி நில்லுங்கள், வண்டிக்கு நேர் பின்னால் வேண்டாம். நம்மூர் கண்டக்டர் மாதிரி ஒரே ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள்: "ஹோல்டான்". அதைக் கேட்டாலும், கண்ணாடியில் நீங்கள் காணாமல் போனாலும் அவர் உடனே பிரேக்கை மிதிக்க வேண்டும். இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.