தட்டில் அரசு கைவைக்கலாமா? கேள்வி பதில்

உடல் பருமனைக் குறைக்க அரசு தலையிட வேண்டுமா, தலையிட்டால் எது வேலை செய்யும் என்பது பற்றி பலர் கேட்ட கேள்விகளும், உணவுக் கொள்கையையும் ஊட்டச்சத்தையும் தொடர்ந்து கவனித்துவரும் ஒருவர் தந்த பதில்களும்.

கேள்வி (ஐடி ஊழியர், கோவை): நான் என்ன சாப்பிடணும்னு அரசாங்கம் ஏன் சொல்லணும்? என் வயிறு, என் காசு.

அரசு உங்கள் தட்டில் கைவைத்து வெகுகாலமாகிறது. ரேஷனில் அரிசி இலவசம், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரைக்கு மானியம். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லெட், மிக்சர், நூடுல்ஸ், ஐஸ்கிரீம் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான்; அதற்கு முன் 12 அல்லது 18. இந்த அறிவிப்புகளில் ‘ஆரோக்கியம்’ என்ற சொல்லே இருக்காது. ஆனாலும் எது மலிவாகக் கைக்குக் கிடைக்கும் என்பதை முடிவு செய்பவை இவைதான். ஆகவே தலையிடலாமா என்று கேட்பதைவிட, இப்போதைய தலையீடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பது பயன் தரும்.

வயது வந்தவர்களுக்கு எதையும் தடை செய்யச் சொல்ல மாட்டேன். ‘சிகிச்சைச் செலவு அரசுக்குத்தானே’ என்ற வாதமும் எனக்கு உவப்பில்லை. அதை இழுத்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ‘என் விருப்பம்’ என்று சொல்ல, வாங்குவது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். பாக்கெட்டின் பின்பக்கம் எறும்பளவு எழுத்தில் இருப்பதைக் கடையில் நின்று யாரும் படிப்பதில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கோ இந்த வாதமே பொருந்தாது.

கேள்வி (வங்கி ஊழியர், சேலம்): உயரம் 170 செ.மீ., எடை 82 கிலோ. குண்டு என்று சொல்ல முடியாது, கொஞ்சம் தொப்பை. நம் ஊரில் இது அவ்வளவு பெரிய பிரச்சினையா?

எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுங்கள், அதுதான் பிஎம்ஐ: 82 ÷ 2.89 = 28.4. ஐரோப்பியர்களுக்கு 30-ஐத் தாண்டினால்தான் பருமன். தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் வந்துவிடுவதால், இங்கே மருத்துவர்கள் 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் பருமன் என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் நீங்கள் பருமன்.

இடுப்பையும் அளந்து பாருங்கள். பேன்ட் கட்டும் இடத்தில் அளந்தால் தப்பாகக் குறைத்துக் காட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் டேப்பை வைக்க வேண்டும். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

மாநில அளவில்: தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, பிஎம்ஐ 25-ஐ எட்டிய அல்லது தாண்டிய தமிழ்நாட்டுப் பெண்கள் 2015-16-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 40.4. ஆண்கள் 28.2-இலிருந்து 37. அதே ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கலோரி தேவைக்கு மேல், சத்து தேவைக்குக் கீழ். ‘குறைத்துச் சாப்பிடுங்கள்’ என்று மட்டும் பிரசாரம் செய்தால், ரத்தசோகை உள்ள பெண் இன்னும் இளைத்துக் களைப்பதுதான் மிச்சம்.

கேள்வி (இல்லத்தரசி, மதுரை): பாக்கெட்டில் எதைப் பார்த்து வாங்குவது? எல்லாமே ‘ஹெல்தி’ என்றுதான் போடுகிறார்கள்.

முகப்பை விட்டுவிட்டுப் பின்பக்கம் போங்கள். ‘ஒரு சர்விங்குக்கு’ என்ற பத்தி வேண்டாம்; 150 கிராம் பாக்கெட்டுக்கு சர்விங் 30 கிராம் என்று போட்டு எண்ணைச் சிறிதாக்கியிருப்பார்கள். ‘100 கிராமுக்கு’ என்ற பத்தியில் மூன்றே எண்கள் போதும்.

முதலாவது, சேர்த்த சர்க்கரை. 100 கிராமில் 26 கிராம் என்றால், 75 கிராம் பாக்கெட்டை டீயோடு முடித்தால் 19.5 கிராம், டீஸ்பூன் கணக்கில் நான்கு. டீயில் போட்டது தனி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இரண்டாவது, சோடியம். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 70 கிராம் நூடுல்ஸ் பாக்கெட்டில் 770 மில்லிகிராம் சோடியம் என்றால் ஏறக்குறைய 1.9 கிராம் உப்பு. நாள் முழுக்க 5 கிராம்தான் எல்லை. ஒரு மாலைச் சிற்றுண்டியில் அதன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

மூன்றாவது, நிறைவுற்ற கொழுப்பு. ஒரு நாளைக்கு 22 கிராம் என்ற கணக்கில்தான் நம் லேபிள்களில் சதவீதம் போடுகிறார்கள்.

பிறகு, மூலப்பொருள் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு வரிசையாக இருக்கும். ‘ராகி பிஸ்கட்’ என்று பெயர், பட்டியலில் முதலில் மைதா, அப்புறம் சர்க்கரை, அப்புறம் பாமாயில், அதற்கப்புறம் ராகி என்றால் புரிந்துகொள்ளுங்கள். லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் எல்லாம் சர்க்கரையின் மாற்றுப் பெயர்கள். மூன்றாகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும் என்பதுதான் தந்திரம்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருச்சி): இவ்வளவு கணக்கு யார் போடுவா? முன்பக்கமே எச்சரிக்கை போட்டால் என்ன?

சிலி நாடு 2016 ஜூனில் அதைத்தான் செய்தது. சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு, கலோரி இவற்றில் எது எல்லை மீறினாலும் முகப்பில் கருப்பு எண்கோண முத்திரை. மூன்று கட்டமாக இறுக்கி, 2019-இல் திட உணவுக்கு இறுதி எல்லை: 100 கிராமில் சர்க்கரை 10 கிராம், சோடியம் 400 மில்லிகிராம், நிறைவுற்ற கொழுப்பு 4 கிராம், 275 கலோரி. அதன் சிறப்பு முத்திரை மட்டுமில்லை. முத்திரை விழுந்த பொருளைப் பள்ளியில் விற்கக்கூடாது, 14 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக்கூடாது, பெட்டியில் கார்ட்டூன் பொம்மை போடக்கூடாது. ஒரே அளவுகோல், மூன்று பூட்டு. முதல் கட்டத்துக்குப் பின் முத்திரை விழுந்த பானங்களை மக்கள் வாங்கும் அளவு ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது.

நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வரைவு, அரை முதல் ஐந்து வரை நட்சத்திரம் தரலாம் என்றது. கெட்டதற்குக் கழித்து, நார்ச்சத்து, புரதம், பருப்பு, கொட்டை போன்றவற்றுக்குக் கூட்டுவது அதன் முறை. இதில் ஓட்டை எங்கே என்றால், சர்க்கரையைக் குறைக்காமலே கொஞ்சம் ஓட்ஸ் தவிடு சேர்த்து ஒரு நட்சத்திரம் ஏற்றிக்கொள்ளலாம். நட்சத்திரம் என்றாலே நம் ஆட்களுக்குப் பாராட்டு. ஒன்றரை நட்சத்திரமும் பாராட்டாகத்தான் தெரியும். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், முகப்பு எச்சரிக்கை பற்றி மூன்று மாதத்தில் பரிந்துரை தரும்படி நிபுணர் குழுவுக்குச் சொன்னது. எனக்கு நட்சத்திரம் வேண்டாம், கருப்பு முத்திரைதான் வேண்டும்.

கேள்வி (சிறுதொழில் செய்பவர், விருதுநகர்): அப்படியானால் ஊறுகாய், அப்பளம், கடலை மிட்டாய்க்கும் கருப்பு முத்திரையா? பெரிய கம்பெனி தப்பித்துவிடும், நாங்கள் மாட்டுவோம்.

ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் விழும், சந்தேகமில்லை. கடலை மிட்டாய்க்கும் விழும். வெல்லமும் சேர்த்த சர்க்கரைதான். சும்மா வறுத்த கடலைக்கு விழாது, ஏனென்றால் சிலியின் விதி சர்க்கரை, உப்பு, கொழுப்பு சேர்த்துத் தயாரித்த பொருளுக்குத்தான். உங்கள் பயம் நியாயமானது. ஆய்வகப் பரிசோதனைச் செலவும் புது அச்சுச் செலவும் சின்ன ஆட்களைத்தான் முதலில் கடிக்கும். அவர்களுக்குக் கூடுதல் கால அவகாசமும், மாவட்ட அளவில் மானிய விலையில் பரிசோதனையும் தர வேண்டும். ஊறுகாயை யாரும் பாக்கெட் பாக்கெட்டாகத் தின்பதில்லை என்ற வாதமும் சரியே. ஆனால் அதற்காக ஒரு விலக்கு கொடுத்தால், அந்தச் சந்தில் சிப்ஸ் கம்பெனிகள் லாரியோடு நுழைந்துவிடும்.

கேள்வி (வணிகவியல் ஆசிரியர், நாகர்கோவில்): கேரளாவில் கொழுப்பு வரி போட்டார்களே, என்ன ஆயிற்று? தமிழ்நாடு சர்க்கரை வரி போடலாமா?

2016-இல் நிதியமைச்சர் தாமஸ் ஐசக் 14.5 சதவீதம் போட்டார். பிராண்டட் உணவகங்களின் பர்கர், பீட்சா, டோனட் போன்றவற்றுக்கு மட்டும். பேக்கரி பப்ஸும் பரோட்டாவும் நேந்திரங்காய் சிப்ஸும் தப்பித்தன. கொழுப்பின் அளவைப் பார்க்காமல் கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்துப் போட்ட வரி அது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் போய்விட்டது. இப்போது தமிழ்நாடு நினைத்தாலும் தனியாகப் போட முடியாது. ஜிஎஸ்டி கவுன்சில் வழியாகத்தான் வர வேண்டும்.

தற்போதைய வரியின் கோளாறைப் பாருங்கள். சர்க்கரை போட்ட கோலாவுக்கு 40 சதவீதம். சர்க்கரையே இல்லாத கோலாவுக்கும் 40. கேஸ் இல்லாத அட்டைப்பெட்டி மாம்பழ பானத்துக்கு, அதில் எவ்வளவு சர்க்கரை கொட்டியிருந்தாலும், 5. இந்த வரியைப் பார்த்து எந்தக் கம்பெனி சர்க்கரையைக் குறைக்கும்?

பிரிட்டனில் 2018 ஏப்ரலில் வந்த வரி வேறு மாதிரி. 100 மில்லியில் சர்க்கரை 5 கிராமுக்குக் கீழே என்றால் வரி இல்லை. 5 முதல் 8 வரை லிட்டருக்கு அப்போது 18 பென்ஸ். அதற்கு மேல் 24. இரண்டு வருடம் முன்பே அறிவித்துவிட்டதால், வரி வருவதற்குள் பல கம்பெனிகள் ரெசிப்பியை மாற்றி 5-க்குக் கீழே இறக்கிவிட்டன. வாங்குபவர் பழக்கத்தை மாற்றாமலே சர்க்கரை குறைந்தது. 10-11 வயதுச் சிறுமிகளிடம் பருமன் சற்றுக் குறைந்ததாக ஆய்வு காட்டியது. சிறுவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. மெக்சிகோ 2014-இல் லிட்டருக்கு ஒரு பெசோ போட்டது. வாங்கும் அளவு முதல் வருடம் 5.5, இரண்டாம் வருடம் 9.7 சதவீதம் குறைந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், இலங்கை 2017 நவம்பரில் பானத்திலுள்ள சர்க்கரைக்கு ஒரு கிராமுக்கு 50 சதம் (அரை இலங்கை ரூபாய்) என்று வரி போட்டது. பின்னர் அழுத்தத்தில் குறைத்துவிட்டார்கள் என்றாலும், கிராம் கணக்கு என்ற யோசனை சரி. அங்கே 2016 முதல் பானங்களில் வண்ண வட்டமும் உண்டு: 100 மில்லியில் 11 கிராமுக்கு மேல் சிவப்பு. எல்லையை அங்கே வைத்ததால் 10.6 கிராம் உள்ள பானம் மஞ்சளோடு தப்பிக்கும். எல்லையை எங்கே வைப்பது என்பதில்தான் பாதிச் சண்டையும் நடக்கும்.

கேள்வி (தென்னை விவசாயி, பொள்ளாச்சி): ரேஷனில் பாமாயிலை நிறுத்திவிட்டுத் தேங்காய் எண்ணெய் கொடுத்தால் உடம்புக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது அல்லவா?

உங்களுக்கு நல்லது, வருமானத்துக்காக அதைக் கேட்பது நியாயம். உடம்புக் கணக்கு வேறு. பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு 40 முதல் 50 சதவீதம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90. கடலெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு, நல்லெண்ணெயில் அதற்கும் கொஞ்சம் குறைவு. ஆகவே மாற்றுவதானால் கடலெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இடைஞ்சல் விலை. ஒரேயடியாக முடியாது, கார்டுக்கு அரை லிட்டர் பாமாயில், அரை லிட்டர் கடலெண்ணெய் என்று சில மாவட்டங்களில் தொடங்கலாம். 2023-இல் நீலகிரி, தருமபுரியில் விருப்பப்பட்டவர்களுக்கு அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தந்தது போல.

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்): எங்கள் பள்ளி வாசலிலேயே சிப்ஸ், கலர் பானம் விற்கிறார்கள். சட்டம் இருக்கிறதா மேடம்/ஐயா?

இருக்கிறது. 2020-இன் ஒழுங்குமுறைப்படி கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமான பொருட்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது. தலைமையாசிரியர் கையெழுத்தோடு, கடை இருக்கும் தூரம், விற்கும் பொருட்களின் போட்டோ, பின்பக்க லேபிளின் போட்டோ சேர்த்து வட்டார உணவு பாதுகாப்பு அலுவலருக்கும், நகலை மாவட்ட நியமன அலுவலருக்கும் அனுப்புங்கள். லேபிள் போட்டோ முக்கியம். எந்தப் பாக்கெட் இந்த வகையில் சேரும் என்பதற்கு முகப்பில் அடையாளம் இல்லாததால், அதைக் காட்டித்தான் பேச வேண்டியிருக்கும். சிலியில் இந்தத் தகராறே வராது.

கடைக்காரரின் பிழைப்பைக் கெடுத்தால் அவர் 60-வது மீட்டரில் தள்ளுவண்டி போடுவார். விற்க வேறு கொடுங்கள். ஒரு கிலோ உலர்ந்த கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். 100 கிராம் வீதம் இருபது பொட்டலம். எட்டு மணி நேரம் ஊறாவிட்டால் உள்ளே கல்லாக இருக்கும், பிள்ளைகள் தூக்கிப் போடுவார்கள். தேங்காய்த் துருவலைக் காலையிலேயே கலந்துவிட்டால் மதியத்துக்குள் ஊசிப்போகும். கொடுக்கும்போது தூவச் சொல்லுங்கள்.

கேள்வி (மளிகைக் கடைக்காரர், திண்டுக்கல்): பேக்கரியில் டால்டாதானே வில்லன்? அதற்கு ஒன்றும் செய்யவில்லையே.

செய்தார்கள், சத்தமில்லாமல். எண்ணெய், வனஸ்பதி வகைகளில் டிரான்ஸ் கொழுப்பின் (எண்ணெயை டால்டா போலக் கெட்டியாக்கும்போது உருவாகும் கெட்ட கொழுப்பு) எல்லை 2021 ஜனவரியில் 5-இலிருந்து 3 சதவீதம் ஆனது, 2022 ஜனவரியில் 2. பப்ஸ் சாப்பிட்ட யாரும் சுதந்திரம் பறிபோனதாக உணரவில்லை. மிச்சம் இருப்பது திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெய். எண்ணெய் காயக் காய அதில் சேரும் சிதைவுப் பொருட்கள் (மொத்த துருவச் சேர்மங்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைக் கொட்ட வேண்டும் என்பது விதி. கையடக்கக் கருவியை விட்டு அளக்கலாம். கருவி இல்லாதவர்களுக்கு: நிறம் கருத்து, நுரை அடங்காமல் பொங்கி, முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைந்தால் அது முடிந்துபோன எண்ணெய். புது எண்ணெயை அதோடு கலப்பதுதான் கடைகளில் நடக்கும் பெரிய தவறு.

கேள்வி (பெயர் வேண்டாம், விழுப்புரம்): டாஸ்மாக்கை நடத்தும் அரசு உடல் பருமனைப் பற்றிப் பேசலாமா?

ஒரு குவார்ட்டரில் சுமார் 420 கலோரி. சைடு டிஷ் தனி. எந்த உடல் பருமன் விழிப்புணர்வுப் பலகையிலும் இந்த எண்ணை நான் பார்த்ததில்லை.