பழைய ஜப்பானிய விவசாய மினி டிரக்கை அமெரிக்காவுக்கு வரவழைத்துச் சீர்படுத்துவது சரியா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கேட்டவர் அமெரிக்காவில் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறார். உரமூட்டை, விறகு, தண்ணீர்த் தொட்டி ஏற்றிப் போக ஜப்பானில் ஓடிய பழைய மினி டிரக் ஒன்றை இறக்குமதி செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். நான் செய்திருக்கிறேன். என்னுடையது 1996-இல் தயாரான ஹோண்டா ஆக்டி, நாலு சக்கரமும் இழுக்கும் எச்ஏ4 வகை. தாராளமாக வாங்குங்கள். ஆனால் இன்ஜினைப் பார்த்து மயங்காமல் தகரத்தைப் பார்த்து வாங்குங்கள். இந்தப் பாடத்துக்கு நான் ஏழு மாத வார இறுதிகளைக் கொடுத்தேன்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். ஜப்பானில் இவற்றை 'கெய் டோரா' என்பார்கள். 'கெய்' என்பது சட்டம் வகுத்த ஒரு வாகனப் பிரிவு. 1990-லிருந்து 1998 வரையிலான விதிப்படி நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.4 மீட்டர், இன்ஜின் 660 சிசி, இதற்கு மேல் போகக் கூடாது. சுமை 350 கிலோ. ஆம்னி வேனில் ஏறி இறங்கியவர்களுக்கு இந்த உருவம் அந்நியமாகத் தெரியாது, அதுவும் சுசுகியின் கெய் வேனிலிருந்து வந்ததுதான். ஹோண்டா விற்ற முதல் நாலு சக்கர வாகனமே ஒரு கெய் டிரக்தான் என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1963-இல் வந்த டி360. அவர்களுடைய முதல் ஸ்போர்ட்ஸ் கார் அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது.

இதே பிரிவில் வரும் இன்னொரு டிரக்கான சுபாரு சம்பாரில் இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கும், போர்ஷே ஸ்போர்ட்ஸ் காரில் இருப்பதுபோல. அதனால் அதை ஜப்பானியர்கள் 'வயல்வரப்புப் போர்ஷே' என்று செல்லமாகச் சொல்வதுண்டு. ஆக்டியில் இன்ஜின் பின் அச்சுக்குச் சற்று முன்னால், சுமை ஏற்றும் தொட்டிக்கு அடியில் கிடக்கும். சுசுகி கேரியில் டிரைவர் சீட்டுக்குக் கீழே. மூன்றும் நல்ல வண்டிகள். எந்த மாடல் என்பதைவிட, எந்த ஊரில் ஓடிய வண்டி என்பதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். ஹொக்கைடோ, தோஹோகு, நீகாதா போன்ற பனிப் பகுதிகளில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவுவார்கள். அந்த உப்பு அடித்தகரத்தைத் தின்றுவிடும். தெற்கே கியூஷுப் பக்கம் ஓடிய வண்டியில் அந்தத் தொல்லை குறைவு, கடலோரமாக நிற்காமல் இருந்திருந்தால்.

இந்த வண்டிகள் பெரும்பாலும் ஏலத்தில்தான் கைமாறும். ஒவ்வொரு வண்டிக்கும் ஏலத் தாள் ஒன்று உண்டு, அதில் வண்டியின் வரைபடத்தின் மேல் குறிகள் போட்டிருப்பார்கள். ஏ என்றால் கீறல், யு என்றால் ஒடுக்கு, டபிள்யூ என்றால் டிங்கரிங் செய்து பட்டி பார்த்த இடம். இவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம். எஸ் என்றால் துரு, சி என்றால் அரிப்பு. இந்த இரண்டு எழுத்தும் எங்கெங்கே இருக்கின்றன, பக்கத்தில் என்ன எண் போட்டிருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எண் கூடக் கூட நிலைமை மோசம். தாளின் ஓரத்தில் பரிசோதகர் கையால் கிறுக்கியிருக்கும் குறிப்பு அதைவிட முக்கியம். 'சபி' என்றால் துரு, 'ஃபுஷோகு' என்றால் அரிப்பு, 'அனா' என்றால் ஓட்டை. இந்த மூன்று சொல்லையும் ஜப்பானிய எழுத்தில் அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள். வருடம் ஹெய்செய் என்ற ஜப்பானிய அரசர் ஆட்சிக் கணக்கில் இருக்கும், அதோடு 1988-ஐக் கூட்டினால் நம் வருடம் வரும். ஹெய்செய் 8 என்றால் 1996.

எனக்கு விற்ற ஏற்றுமதி நிறுவனம் 'லேசான துரு' என்றது. கிலோமீட்டர் நாற்பதாயிரத்துக்கும் கீழே. இருபத்தைந்து வருட வண்டிக்கு நாற்பதாயிரமா என்று நான் பூரித்துப்போனேன். ஏலத் தாளின் மொழிபெயர்ப்பைக் கேட்டு வாங்கியவன், அசல் தாளைக் கேட்கவில்லை. அதுதான் நான் செய்த தவறு.

குறைந்த கிலோமீட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விவசாயியின் வண்டி வீட்டிலிருந்து வயலுக்குப் போய்த் திரும்பும், அவ்வளவுதான். இன்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் அணைத்துவிடுவார்கள். ஆயிலில் ஈரம் தங்கிக் கசடு சேரும், சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கே கிடையாது, வருடக் கணக்குதான். ஹோஸ், டைமிங் பெல்ட், பிரேக் வீல் சிலிண்டரின் வாஷர், ஆக்ஸில் பூட் எல்லாம் நின்ற இடத்திலேயே கிழடு தட்டிப்போகும். டைமிங் பெல்ட்டின் வயது தெரியாத வண்டியை ஓட்டிப் பார்க்காதீர்கள், மாற்றிவிட்டு ஓட்டுங்கள். நான் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், ஆயில் சீல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினேன்.

வண்டி வந்து இறங்கிய அன்று மாலை டிரைவர் பக்கத்து ரப்பர் மேட்டைத் தூக்கினேன். கீழே ஒட்டியிருந்த பஞ்சு அட்டை ஈரமாக இருந்தது. ஸ்க்ரூடிரைவரின் பின்புறத்தால் மெல்லத் தட்டினேன். நல்ல தகரம் 'டிங்' என்று சொல்லும். இங்கே 'பொத்' என்றது. இன்னொரு தட்டு தட்டியதும் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது. குனிந்து பார்த்தால் ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. புகைப்படத்தில் அந்த மேட் எத்தனை சுத்தமாக இருந்தது தெரியுமா! ஆகவே, வாங்குமுன் மேட்டைத் தூக்கிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன் சக்கர வளைவின் உட்புறம், கதவுக்குக் கீழே ஓடும் நீளப் பெட்டித் தகரம், தொட்டியின் நாலு மூலை, இவற்றுக்கும் தனித்தனிப் படம் வேண்டும். தொட்டி மூலையில் துருவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய உரம் அங்கேதான் போய் அடையும், ஈரத்தோடு சேர்ந்து தகரத்தை அரித்துவிடும்.

சரிசெய்தது இப்படி. சீட், மேட், பஞ்சு எல்லாவற்றையும் கழற்றினேன். பேட்டரி இணைப்பைப் பிரித்து, பெட்ரோல் டேங்கையும் இறக்கி வெளியே தள்ளி வைத்தேன். துருப்பிடித்த இடத்தை கிரைண்டரில் வெட்டும்போது பளபளவென்று நல்ல இரும்பு தெரியும்வரை வெட்ட வேண்டும். பாதித் துருவை விட்டு அதன்மேல் பேட்ச் வைத்தால் ஒரே வருடத்தில் பேட்ச்சின் ஓரம் மறுபடி அரித்துவிடும். உள்ளங்கை அளவு என்று நினைத்து ஆரம்பித்த ஓட்டை, முடிக்கும்போது ஒரு முறம் அளவுக்கு ஆகியிருந்தது. முதலில் அட்டையில் வெட்டி அளவு பார்த்து, அதை வைத்து 1 மில்லிமீட்டர் தகரத்தில் வெட்டினேன். துத்தநாகம் பூசாத வெறும் தகரமாக இருக்கட்டும், துத்தநாகம் எரிந்து வரும் புகை நுரையீரலுக்குக் கெடுதல். மிக் வெல்டிங்கில் ஒரே கோடாக இழுத்தால் மெல்லிய தகரம் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி, கை வைத்துப் பார்த்துச் சூடு ஆறியபின் அடுத்த புள்ளி என்று வைக்க வேண்டும். பிறகு கிரைண்டரில் தேய்த்து, பிரைமர், சீலர், பெயின்ட். கடைசியாகப் பெட்டித் தகரத்தின் உள்ளே நீளக் குழாயை விட்டு மெழுகு அடித்தேன். துரு உள்ளிருந்து வெளியே வருவதால், இந்த மெழுகுதான் மேலே அடிக்கும் பெயின்டைவிட வண்டியைக் காக்கும்.

ஹீட்டர் பெட்டியைப் பிரித்தபோது உள்ளே ஒரு கைப்பிடி நெல் உமி இருந்தது. காய்ந்து, நிறம் மாறாமல், இன்றுதான் களத்தில் தூற்றியது போல. கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒருவர் இருபத்தைந்து அறுவடைகளுக்கு இந்த வண்டியில் போய் வந்திருக்கிறார். அந்த உமி இப்போதும் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் டேஷ்போர்டு மேல் இருக்கிறது.

ஆக்டி வாங்குபவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இன்ஜின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். இரண்டையும் இணைத்து வண்டியின் வயிற்றுக்கடியில் நீள இரும்புக் குழாய்கள் ஓடும். அந்தக் குழாயும் துருப்பிடிக்கும். கூலன்ட் மாற்றும்போது உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போய்விடும். முன்பக்கத்தை உயர்த்தி வைத்து, ஹீட்டரை முழுக்கத் திறந்து, காற்று விடும் திருகுகளில் குமிழ் நிற்கும்வரை பொறுமையாகக் கூலன்ட் ஊற்றுங்கள். எனக்கு மூன்று தடவை தேவைப்பட்டது. கார்புரேட்டரைக் கழற்றுமுன் ஒவ்வொரு வேக்குவம் ஹோஸுக்கும் டேப் ஒட்டி எண் எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் கழற்றினால் எந்த ஹோஸ் எதில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சட்டப் பக்கம். தயாரித்து 25 வருடம் முடிந்த வாகனத்துக்கு அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. மாடல் வருடத்தை வைத்து எண்ணாதீர்கள், தயாரான மாதத்திலிருந்துதான் கணக்கு. புகை விதிக்கு 21 வருடம் போதும், இன்ஜின் அசல் நிலையில் இருக்க வேண்டும். எச்எஸ்-7, 3520-1 என்று இரண்டு படிவங்கள். இவற்றை ஒரு கஸ்டம்ஸ் புரோக்கரிடம் விட்டுவிடுவது நல்லது. டிரக் என்பதால் நான் 25 சதவீத வரி கட்டினேன். இதற்குக் 'கோழி வரி' என்று பெயர். அமெரிக்கக் கோழிக்கறிக்கு ஐரோப்பியர்கள் வரி போட்டதற்குப் பதிலடியாக 1964-இல் வந்தது, கோழிச் சண்டை முடிந்தும் டிரக் மேல் அப்படியே நின்றுவிட்டது. கப்பல், துறைமுகம், வரி, புரோக்கர் எல்லாம் கூட்டினால் ஏலத்தில் வண்டிக்குக் கொடுத்ததுபோல் இன்னொரு மடங்கு ஆனது. அதற்குத் தயாராக இருங்கள்.

நாட்டுக்குள் வர அனுமதி கிடைத்தால் சாலையில் ஓட்ட அனுமதி கிடைத்ததாக ஆகாது. அது ஒவ்வொரு மாநிலத்தின் முடிவு. டெக்சாஸ் 2024-இல்தான் வழிவிட்டது. பணம் கட்டுமுன் உங்கள் மாநில வாகனத் துறையிடம் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள், தொலைபேசிப் பேச்சு போதாது. அமெரிக்க வண்டிகளுக்கு இருப்பதுபோல் ஜப்பானிய வண்டிக்கு 17 இலக்க அடையாள எண் கிடையாது, எச்ஏ4 என்று தொடங்கும் குட்டி சேஸிஸ் எண்தான். பல காப்பீட்டு நிறுவனங்களின் கணினி அதை ஏற்காது. பழைய வாகனங்களுக்கென்றே தனி பாலிசி தருபவர்களிடம் போங்கள்.

வலப்பக்க ஸ்டியரிங் நமக்குப் பழகியதுதான். ஆனால் டிரைவரின் முழங்காலுக்கும் எதிரே வரும் வண்டிக்கும் நடுவே ஒரு தகரம் மட்டும்தான் இருக்கிறது. என் வண்டியில் காற்றுப்பை இல்லை. நான் அதைத் தோட்டத்திலும் பக்கத்துக் கிராமச் சாலையிலும் மட்டும் ஓட்டுகிறேன். நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போனதில்லை, என் பிள்ளைகளை அதில் ஏற்றி அங்கே போகவும் மாட்டேன்.

கடைசியாகப் பெயின்டைப் பற்றி. அடித்தகரத்துக்கும் தொட்டிக்கும் மட்டும் புதிதாக அடித்தேன். இடப்பக்கக் கதவில் முன்பு எழுத்து ஒட்டியிருந்த தடம் இருக்கிறது. சுற்றிலும் வெயிலில் மங்கிய வெள்ளை, எழுத்து இருந்த இடம் மட்டும் புது வெள்ளை. காலையில் சாய்வெயில் படும்போது கடைசி இரண்டு எழுத்தைப் படிக்க முடியும், 'தோட்டம்' என்று அர்த்தமாம். அந்தக் கதவைத் தேய்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.