கொலு, கோலம், அகல்... கூடவே படபடப்பு: வாசகர் கேள்வி பதில்

புரட்டாசியில் தொடங்கி கார்த்திகை வரை பண்டிகைகள் வரிசை கட்டி வருகின்றன. வீட்டு அலங்காரம் பற்றியும், அந்த நாட்களில் வரும் மனப்பதற்றம் பற்றியும் வந்த கேள்விகளுக்கு, கைவினைப் பயிற்சியாளரும் மனநல ஆலோசகரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: ஆவணி முடியும்போதே எனக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிடுகிறது. மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒன்பது படி கொலு. பரண் நிறைய பெட்டிகள். எடுக்கவும் பயம், வைக்காமல் விடவும் பயம். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, யாரைக் கூப்பிடுவது, என்ன சுண்டல் என்று மனசு ஓடுகிறது. வாட்ஸ்அப்பில் மற்றவர்கள் வீட்டுக் கொலுவைப் பார்த்தால் இன்னும் மோசம். வயது 46.
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: முதலில் படியைக் குறையுங்கள். 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையில் வைப்பது வழக்கம். ஒன்பதுதான் வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கலசம், ஒரு ஜோடி மரப்பாச்சி, தலைமுறையாக இருக்கும் நாலைந்து பொம்மைகள், கீழ்ப்படியில் செட்டியார், அவர் கடைக்குக் கொஞ்சம் அரிசி பருப்பு. இவ்வளவு இருந்தால் மூன்று படியும் கொலுதான். மீதிப் பெட்டிகளை இந்த வருஷம் திறக்கவே வேண்டாம். “மத்த பொம்மையெல்லாம் எங்கே?” என்று யாராவது கேட்டால், “அடுத்த வருஷம் அவங்க முறை” என்று சொல்லிவிடுங்கள். கேட்டவர் வந்து பரண் ஏறப்போவதில்லை.

படிக்குத் துணி எவ்வளவு என்பதில்தான் பலர் கடைசி நேரத்தில் திண்டாடுகிறார்கள். கணக்கு சுலபம். பொம்மை உட்காரும் தட்டு 10 அங்குலம், அடுத்த படிக்கு ஏறும் உயரம் 8 அங்குலம், கூட்டினால் 18. அதாவது ஒரு படிக்கு ஒரு முழம். எட்டு முழ வேட்டி ஒன்று ஏழு படிக்கு வந்து, அடியில் தொங்கவிட ஒரு முழம் மிஞ்சும். வேட்டியின் அகலம் சுமார் 50 அங்குலம் இருப்பதால் நாலடி அகலப் படிக்கு ஒட்டே தேவையில்லை. துணியை மேல்படியிலிருந்து விரியுங்கள். ஒவ்வொரு உள்மூலையிலும் மர ஸ்கேலை வைத்து அழுத்திவிட்டுத்தான் அடுத்த படிக்கு இறங்க வேண்டும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் மூலையில் துணி தூக்கிக்கொண்டு நிற்கும். பின்வரிசைப் பொம்மைகள் முன்னால் சாயும். அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் படி கட்டுபவர்கள் உள்ளே பழைய புத்தகங்களை இறுக்கமாக நிரப்ப வேண்டும். காலிப் பெட்டி மண் பொம்மையின் கனத்துக்கு நாலாம் நாளே அமுங்கிவிடும்.

வேலையை மகாளய அமாவாசை அன்றைக்கென்று தள்ளிப்போடாதீர்கள். பத்து நாள் முன்னதாகவே தொடங்கி, ஒரு நாளைக்கு ஒரு பெட்டி, முக்கால் மணி நேரம். அலாரம் அடித்ததும் பாதியில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். படபடப்பு உள்ளவர்கள் செய்யும் தவறு, ஒரே மூச்சில் முடித்துவிட்டால் பயம் போய்விடும் என்று ராத்திரி ஒரு மணி வரை உட்காருவது. தூக்கம் கெட்டால் மறுநாள் படபடப்பு இரட்டிப்பாகும். வருகிறவர்களையும் ஒன்பது நாளும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். இந்த மூன்று நாள், மாலை ஐந்து முதல் ஏழு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்ற நாட்களில் வீட்டோடு ஒரு விளக்கு, ஒரு சுண்டல் போதும்.

மூன்று மணி விழிப்புக்கு: சாயங்காலம் ஆறு மணிக்கே ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் கவலை, வலப்பக்கம் அதற்கு நாளை செய்யப்போகும் ஒரு வேலை என்று எழுதுங்கள். விழிப்பு வந்தால் போனைத் தொடாமல், நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். ஐந்து நிமிஷம் இப்படிச் செய்தால் துடிப்பு கொஞ்சம் தணியும். மதியம் இரண்டுக்கு மேல் காபி வேண்டாம். வாட்ஸ்அப் குழுக்களை விஜயதசமி வரை ஓசையில்லாமல் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. 46 வயதில் நெஞ்சு படபடப்பதை எல்லாம் மனசின் தலையில் கட்டிவிடக் கூடாது. தைராய்டு கூடினாலும், ரத்தசோகை இருந்தாலும், மாதவிடாய் நிற்கப்போகும் காலத்திலும் இதே படபடப்பும் தூக்கக் கெடுதலும் வரும். ரத்தப் பரிசோதனையில் தைராய்டுக்கு டிஎஸ்ஹெச்சும், ரத்தசோகைக்கு ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். டாக்டர் சொன்னால் ஈசிஜியும் எடுக்கலாம். நவராத்திரி முடிந்தும் பல வாரம் தூக்கம் திரும்பவில்லை, வேலை ஓடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி. நேரில் போகத் தயக்கம் என்றால் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

கேள்வி: பழைய தசாவதாரம் செட்டில் வாமனர் கை ஒடிந்துவிட்டது. தூசியாக இருக்கிறதே என்று மற்ற பொம்மைகளை ஈரத்துணியால் துடைத்தேன், சாயம் துணியோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து பெட்டியைத் தொடவே கை நடுங்குகிறது. சரிசெய்ய முடியுமா?
– வாசகி, மதுரை

பதில்: முடியும். பழைய பொம்மைகளில் பெரும்பாலும் தண்ணீரில் கரையும் சாயம்தான். மேலே வார்னிஷ் இல்லாவிட்டால் ஈரம் பட்டதும் வந்துவிடும். இனிமேல் துடைக்கவே வேண்டாம். ஒரு அங்குல மிருதுவான பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டினால் போதும்.

கைக்கு வருவோம். முதலில் பொம்மை மண்ணா, காகிதக்கூழா என்று பாருங்கள். ஒடிந்த இடம் செங்கல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் சுட்ட மண். நார் நாராக, வெளிர் சாம்பலாக இருந்தால் காகிதக்கூழ். தூக்கிப் பார்த்தாலே கனத்தில் தெரிந்துவிடும்.

மண் பொம்மை, ஒடிந்த துண்டும் கையில் இருக்கிறது என்றால், இரண்டு முகத்தையும் உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டிவிட்டு, இரண்டு டியூபாக வரும் அரால்டைட்டை ஒன்றுக்கு ஒன்று கலந்து மெல்லியதாகத் தடவி ஒட்டுங்கள். உடனடியாக ஒட்டும் சூப்பர் பசை இங்கே சரிவராது. சுட்ட மண் அதை உறிஞ்சிவிடும், பிடிக்காது. ஒட்டியதும் கையைத் தாங்க ஒரு கிண்ணத்தில் அரிசியைக் கொட்டி அதில் பொம்மையைச் சாய்த்து, ராத்திரி முழுக்க அசைக்காமல் விடுங்கள்.

துண்டு தொலைந்துவிட்டால் எம்-சீல் என்ற ஒட்டுக்களி. இரண்டு களியையும் சம அளவு எடுத்து, கோடு தெரியாமல் ஒரே நிறமாகும் வரை பிசைய வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நிறம் திட்டுத்திட்டாக இருக்கும்போதே வைத்தால் அந்த இடம் மட்டும் கெட்டியாகாமல் பிசுபிசுக்கும். சுமார் இருபது நிமிஷத்துக்குள் உருவம் கொடுத்துவிட வேண்டும் என்பதால், ஒரு கைக்குத் தேவையான நெல்லிக்காய் அளவு மட்டும் பிசையுங்கள். முழங்கையிலிருந்து ஒடிந்திருந்தால் உள்ளே கட்டுக்கம்பி தேவை. மெல்லிய டிரில் முனையைக் கையால் திருகி அரை அங்குலம் துளை போட்டு, கம்பியைச் செருகி, அதன் மேல் எம்-சீலைப் பூசுங்கள். மெஷின் டிரில் வைத்தால் தோள் வரை விரிசல் ஓடிவிடும். விரல்கள் மட்டும் என்றால் கம்பி வேண்டாம். விரல்களைத் தனித்தனியாக உருட்டி ஒட்டாமல், கையை மொத்தமாகச் செய்து பிளேடு முனையால் கோடு கீறுங்கள். ஆறடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அதுவே விரல்.

காகிதக்கூழ் பொம்மைக்கு எம்-சீல் கனம். பழைய நாளிதழைக் கிழித்து ராத்திரி ஊறவைத்து, அரைத்துப் பிழிந்த கூழ் ஒரு கப், ஃபெவிகால் கால் கப், சாக்பீஸ் பவுடர் கால் கப். சப்பாத்தி மாவுப் பதம் வரும். கால் அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் அப்பக்கூடாது. வெளியே காய்ந்து, உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். அடுத்த அப்பு மறுநாள்தான்.

காய்ந்ததும் 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை அக்ரிலிக் ஒரு கை, அதன் மேல் நிறம் இரண்டு மெல்லிய கை. அடர்த்தியாக ஒரே கையில் பூசினால் மழைக்கால ஈரப்பதத்தில் காயாமல் சுருங்கும். சாயம் போன மற்ற பொம்மைகளில் துணி, நகை, பீடத்துக்கு மட்டும் நிறம் கொடுங்கள். முகத்தைத் தொடாதீர்கள். விளாச்சேரிப் பக்கம் பொம்மை செய்கிறவர்கள் உங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கிறார்கள். கண்ணும் புருவமும் அவர்கள் கையில் சில நிமிஷ வேலை, நம் கையில் ஒரு வருஷ வருத்தம்.

கை நடுக்கத்துக்கும் இதிலேயே வழி இருக்கிறது. முதல் நாள் பெட்டியைத் திறந்து மூடுங்கள், அவ்வளவுதான். அடுத்த நாள், விழுந்தாலும் கவலைப்பட வேண்டாத ஒரு பொம்மையின் பீடத்துக்கு மட்டும் நிறம். வாமனர் நாலாம் நாளுக்கு. பயப்படுகிற வேலையைத் தள்ளிப்போடப் போட பயம் வளரும். சின்னச் சின்ன அளவாகத் தொட்டால் கரையும்.

எடுத்து வைக்கும்போது முதலில் பழைய பருத்தித் துணி, அதன் மேல் செய்தித்தாள். தாளை நேராகச் சுற்றினால் அச்சு மை முகத்தில் படியும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரம் அடைந்து சாயம் பையோடு ஒட்டிக்கொள்ளும். மூலையில் ஒரு வசம்புத் துண்டு போதும்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. கொலுவுக்கு ஆள் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். வயிறு வலிக்கிறது என்கிறாள். எப்படிப் பழக்குவது?
– வாசகி, சென்னை

பதில்: “ஒரு பாட்டுப் பாடும்மா” என்ற அந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் தடை செய்யுங்கள். வருகிற மாமிகள் கேட்டால் நீங்களே முந்திக்கொண்டு, “கொலுவுக்குப் பூங்கா அவதான் போட்டா, பாருங்க” என்று பேச்சை மாற்றிவிடுங்கள். வயிற்றுவலி நடிப்பில்லை, பதற்றம் பிள்ளைகளுக்கு வயிற்றில்தான் முதலில் தெரியும். பள்ளிக்குப் போகவும் இதே தயக்கம் இருந்தால் குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் காட்டுங்கள்.

பூங்காவை உண்மையிலேயே அவளிடம் விடுங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி தட்டு, அடியில் துளைகள், ஒன்றரை அங்குலத்துக்கு நனைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவு. கடுகு என்றால் இரண்டு மேசைக்கரண்டி, ஊறவைக்க வேண்டாம். கேழ்வரகு என்றால் மூன்று, ராத்திரி ஊறவைத்துத் தூவ வேண்டும். ஈரத்துணியால் மூடி முளை விட்டதும் வெளிச்சத்துக்கு மாற்றி, காலை மாலை தெளிப்பானால் தண்ணீர். ஊற்றினால் விதைகள் ஒரு மூலைக்கு ஓடிவிடும். படி வைக்க ஆறு நாள் முன்பு கடுகு, எட்டு நாள் முன்பு கேழ்வரகு தூவினால் சரியாக இருக்கும். வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தால் பூஞ்சை என்று கொட்டிவிடாதீர்கள். தண்ணீர் தெளித்ததும் மறைந்தால் அது வேர்த்தூவி. மறையாமல் சிலந்தி வலையாக மேலே படர்ந்தால்தான் பூஞ்சை. தண்ணீரைக் குறைத்துக் காற்றோட்டத்தில் வையுங்கள். ஐந்தாறு நாளில் நாற்று சாய்ந்துவிடும் என்பதால் கொலுவின் முதல் நாளே இரண்டாவது தட்டும் விதைக்கச் சொல்லுங்கள். கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்ல அவளிடமே விஷயம் இருக்கும். சொல்லாமல் உள்ளே போனாலும் விடுங்கள்.

கேள்வி: வீடு முழுக்க பளபள டைல்ஸ். மாக்கோலம் ஒட்டவே மாட்டேன் என்கிறது.
– வாசகி, கோவை

பதில்: ஒட்டாது. அந்த டைல்ஸ் ஈரத்தை உறிஞ்சாது, அதனால் கோடு சொட்டுச்சொட்டாகச் சுருங்கி, காய்ந்ததும் செதிலாக உதிரும். ஈரமாக இருக்கையில் வழுக்கவும் வழுக்கும். வயதானவர்கள் உள்ள வீட்டில் வேண்டாம். இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட்டில் காவிப்பொடியோடு ஒரு ஸ்பூன் ஃபெவிகால் கலந்து இரண்டு கை பூசிக் காயவிட்டு அதில் போடுங்கள். கால் கப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெயாக அரைத்து, துணியைப் பிழிந்தால் விரல் வழியே தடையில்லாமல் இறங்கும் பதத்துக்குக் கரைத்தால் போதும். போடும்போது வெளுப்பே தெரியாது, காய்ந்த பிறகுதான் பளிச்சிடும். அவசரப்பட்டு மேலே மேலே இழைக்காதீர்கள்.

கேள்வி: 2015 டிசம்பரில் எங்கள் தரைத்தள வீட்டில் இடுப்பளவு தண்ணீர். 2023 மிக்ஜாம் புயலிலும் பட்டோம். அதனால் ஐப்பசி பிறந்து மழைச் சத்தம் கேட்டாலே உடம்பு விறைக்கிறது. திருக்கார்த்திகைக்கு அகல் ஏற்றக்கூட மனம் ஒட்டவில்லை.
– வாசகர், வேளச்சேரி

பதில்: வெள்ளத்தில் அகப்பட்டவர்களுக்கு மழைச் சத்தமே அபாய மணியாகிவிடுவது உண்டு. கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம். கெட்ட கனவு, மழை நாளில் வீட்டை விட்டு ஓடத் தோன்றுவது போன்றவை இருந்தால் சிகிச்சையில் நன்றாகவே குறையும். மேலே சொன்ன 14416-இல் தொடங்கலாம்.

உங்கள் பயத்தில் பாதி நியாயமானது. அந்தப் பாதிக்கு மழை வருமுன்பே வேலை செய்துவிடுங்கள். பத்திரங்கள் நீர் புகாத உறையில் பரணில், பிளக் பாயின்டில் தரையோடு கிடக்கும் ஒயர்கள் மேலே, மாநகராட்சி 1913, பேரிடர் 1070 எண்கள் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில். தண்ணீர் எந்த அளவுக்கு வந்தால் மாடி வீட்டுக்குப் போவது என்று சுவரில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு இருந்தால் ராத்திரி முழுக்க யோசிக்க வேண்டியதில்லை. வானிலை அறிக்கையைக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை வானிலை ஆய்வு மையத்தில் மட்டும் பாருங்கள்.

மழை பெய்யும் நேரத்துக்குத் திரி திரிப்பது நல்ல வேலை. கண், விரல் இரண்டும் அதிலேயே இருக்கும். பஞ்சில் கொட்டையும் தூசியும் நீக்கி, விரல் நுனியில் திருநீறு தொட்டு, மூன்று அங்குலத்துக்கு ஒரே பக்கமாக உருட்டுங்கள். தளர்வாக இருந்தால் சுடர் பெரிதாகிப் புகையும். அளவுக்கு மீறி முறுக்கினால் எண்ணெய் ஏறாமல் அணையும்.

புது அகலை ராத்திரி தண்ணீரில் போட்டு, காலையில் கவிழ்த்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் ஊற்றும் எண்ணெயை மண்ணே குடித்துவிடும். மழை நாளில் காய இரண்டு நாளாகும், முன்கூட்டியே ஊறப்போடுங்கள். நிறம் பூசுவதாக இருந்தால் வெளிப்பக்கம் மட்டும், திரி வைக்கும் மூக்கிலிருந்து அரை அங்குலம் விட்டுப் பூசுங்கள். உள்ளே அக்ரிலிக் பட்டால் சூட்டில் கருகி நாறும். வாசலில் சாரல் அடித்தால் பிடிவாதம் வேண்டாம். ஒரு தாம்பாளத்தில் மணல் பரப்பி அதில் அகல்களைப் பதித்து, திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, ஜன்னலுக்கு உட்புறம் ஏற்றுங்கள். கவிழ்ந்தாலும் எண்ணெய் தரைக்கு வராது.