கடைசிப் படகு எத்தனை மணிக்கு?

அக்டோபரில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் ஓபனுக்குப் பராமரிப்பு இல்லத்தில் செவிலியர் வேலைக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி. கணவரும் ஆறு வயது மகனும் கூட வருகிறார்கள். விடுமுறை நாளில் காலையில் போய் இரவுக்குள் திரும்பக்கூடிய இடங்கள் என்னென்ன, மல், ஐயோனா, ஸ்டாஃபா என்ற மூன்று தீவுகள், கிளென்கோ என்ற மலைப் பள்ளத்தாக்கு, இந்த நான்கையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார்களே உண்மையா, வாடகை எவ்வளவு, பள்ளி எப்படி என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள்.

வாடகையையும் பள்ளியையும் உங்களை வேலைக்கு எடுத்தவர்களிடமே கேளுங்கள். என் மகள் பள்ளியை முடித்துப் பல வருடம் ஆகிறது; நான் சொல்லும் கணக்கு இன்றைக்கு உதவாது. ஊர் சுற்றுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வந்த புதிதில் நான் அடிபட்டது அதில்தான்.

நான்கையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. ஐயோனாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓபன் துறையிலிருந்து மல் தீவின் கிரேக்னியூருக்குக் கப்பலில் முக்கால் மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து தீவின் மறுகோடியான ஃபியன்ஃபோர்ட்டுக்கு 37 மைல். பெரும்பகுதி ஒற்றைத் தடச் சாலை, அதனால் ஒன்றேகால் மணி நேரம். பிறகு சின்னப் படகில் பத்து நிமிடம். ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பதையும் சேர்த்தால் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். கோடையில் காலை முதல் கப்பலைப் பிடித்தால் ஐயோனாவையும் ஸ்டாஃபாவையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். நீங்கள் வரும் அக்டோபரோடு ஸ்டாஃபா படகுகள் நின்றுவிடும். மல் தீவில் பஸ்ஸும் குறைந்துவிடும். கிளென்கோ நேர் எதிர்த் திசையில், மலைக்குள் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவதானாலும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு இருட்டும், அன்றைக்குக் காற்று எப்படி, இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நான் வந்தது 2005 ஜனவரியில். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரில் பிறந்தவள், செவிலியர். கடலைப் பற்றி எனக்குத் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. பிப்ரவரியில் ஒரு விடுமுறை நாள், தனியாகக் கெரேரா தீவுக்குக் கிளம்பினேன். ஓபனுக்கு நேர் எதிரே தெரியும் தீவு அது. ஊருக்குத் தெற்கே இரண்டு மைல் தள்ளி கேலனக்கில் படகேறினால் சில நிமிடங்களில் அக்கரை. போட்டிருந்தது சுடிதாரும் கான்வாஸ் ஷூவும், கையில் ஒரு குடை. தீவின் தென்முனையில் இருக்கும் கைலன் கோட்டையைப் பார்க்க நடந்தேன். 1582-இல் கட்டி 1647-இல் எரிந்துபோன கோட்டை. பாறை நுனியில் ஒற்றையாக நிற்கும். அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். திரும்பும் வழியில் காற்று ஏறியது. குடை முதல் வீச்சிலேயே மடங்கி உடைந்தது. மழை பக்கவாட்டில் அடித்தது. ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டு. படகுத்துறைக்கு வந்தபோது கடைசிப் படகு போய்விட்டிருந்தது.

விளக்கு எரிந்த முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். எழுபது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, காலுறையைக் கழற்றி உலர்த்தச் சொல்லி, ஒரு கிண்ணம் பருப்பு சூப் கொடுத்தார். மைசூர்ப் பருப்பும் கேரட்டும் போட்டு இந்த ஊரில் எல்லா வீட்டிலும் வைக்கும் சூப். ஊரை விட்டு வந்த பிறகு என் வாய்க்குச் சொந்தச் சாப்பாடு போல ருசித்த முதல் பண்டம் அதுதான். அவர் மகன் தன் படகில் என்னை இக்கரையில் கொண்டுவந்து விட்டார். அந்த அம்மா போட்டுவிட்ட மழை ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டார். ஆகவே இங்கே வந்ததும் முதல் சம்பளத்தில் மூன்று பேருக்கும் நல்ல மழை ஜாக்கெட்டும் தண்ணீர் புகாத பூட்ஸும் வாங்குங்கள். குடை வேண்டாம்.

வெளிச்சக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். டிசம்பரில் சூரியன் உதிக்கவே ஒன்பது மணி நெருங்கிவிடும், மூன்றே முக்காலுக்குள் மறைந்துவிடும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். முதல் குளிர்காலத்தை வைத்து ஊரை எடைபோடாதீர்கள்.

கார் தேவையா என்றால், இரண்டாம் வருடத்தில் தேவைப்படும். குடியேறிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம்தான் இந்திய உரிமத்தில் ஓட்ட முடியும். அதற்குள் இங்கே தேர்வு எழுதி ஓட்டிக்காட்டி உரிமம் வாங்கிவிடுங்கள். நான் முதல் தடவையிலேயே தேறினேன், இன்றைக்கு மல் தீவின் எந்தச் சாலையிலும் பனியில்கூட ஓட்டுவேன். ஒற்றைத் தடச் சாலையில் வழிவிட ஒதுக்கிய இடம் இடது பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்க வேண்டும்; வலது பக்கம் இருந்தால் அதற்கு நேராக நின்று எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். பின்னால் வருபவர் அவசரமாக வந்தால் அவருக்கும் விட வேண்டும். அங்கே வண்டியை நிறுத்திவைக்கவே கூடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரிய நகரங்களிலிருந்து நம் ஆட்கள் வேன் எடுத்துக்கொண்டு வருவார்கள். வழிவிடும் இடத்தில் வேனை நிறுத்தி, புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து, படம் எடுத்துவிட்டுப் போவார்கள். அந்தச் சாலையில்தான் ஆம்புலன்ஸ் வர வேண்டும், மருத்துவச்சி வர வேண்டும். திரும்பிப் போய், "ஓபனா, அங்கே மழையைத் தவிர ஒன்றுமில்லை, ஒரு வருடத்தில் நகரத்துக்கு வந்துவிடு" என்று உங்களைப் போன்ற புதியவர்களுக்கு அறிவுரை சொல்வதும் இவர்கள்தான். ஒரு நாள் வந்து போனவர் பேச்சைக் கேட்டு நல்ல வேலையை விட்டுப் போய் வருந்திய இரண்டு பிள்ளைகளை எனக்குத் தெரியும். கோபமாகத்தான் சொல்கிறேன்.

செவிலியராக இன்னொரு எச்சரிக்கை. புல்லிலும் புதரிலும் மான் உண்ணி இருக்கும். அக்டோபரிலும் இருக்கும். லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்புவது அதுதான். பையனுக்கு முழுக்கால் சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் எல்லாம் தேடுங்கள். கடித்திருந்தால் அதற்கென்று விற்கும் சிறு கொக்கியாலோ நுனி மெலிந்த இடுக்கியாலோ தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக மேலே இழுக்க வேண்டும். தீக்குச்சியால் சுடுவது, எண்ணெய் தடவுவது எல்லாம் கூடாது. அடுத்த மூன்று மாதத்துக்குள் கடித்த இடத்தில் வட்டமாகத் தடிப்பு பரவினால் உடனே மருத்துவரிடம் போங்கள். கோடையில் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சியும் கூட்டமாக வந்து கடிக்கும். எரிச்சல்தான், நோய் தராது. காற்று அடித்தால் ஓடிவிடும்.

நீண்ட படகுப் பயணம் வேண்டாத நாட்களுக்கும் இடம் உண்டு. ஊருக்கு மேலே குன்றில் வட்டமாக நிற்கும் மக்கேக் கோபுரத்துக்கு ஏறுங்கள், கட்டணம் இல்லை. உள்ளூர் வங்கிக்காரர் ஒருவர் குளிர்காலத்தில் கல்தச்சர்களுக்கு வேலை கொடுக்க 1897-இல் தொடங்கியது. 1902-இல் அவர் இறந்ததோடு பாதியில் நின்றுவிட்டது. அங்கிருந்து கடலையும் தீவுகளையும் பார்த்தால் ஊரின் அமைப்பு புரிந்துவிடும். விஸ்கி வடிசாலையை எல்லோரும் சொல்வார்கள், எனக்கு அதில் அக்கறை இல்லை. பையனை ஈஸ்டேல் தீவுக்குக் கூட்டிப்போங்கள். ஒரு காலத்தில் சிலேட்டுப் பலகை வெட்டிய தீவு, வெட்டிய குழிகளில் இப்போது தண்ணீர் நிற்கிறது. கார் கிடையாது, துறையில் வரிசையாக நிற்கும் தள்ளுவண்டிகளில்தான் மளிகையும் மூட்டையும் வீட்டுக்குப் போகும். தட்டைக் கல்லைத் தண்ணீரில் தத்தவிடும் உலகப் போட்டியை செப்டம்பரில் அங்கேதான் நடத்துகிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்த இடம் ஐந்து மைலில் இருக்கிறது. ஊர்ப் பெயர் Connel, நம் காதுக்குக் கானல் என்றே கேட்கும். எட்டிவ் என்ற நீண்ட கடற்கழி அங்கே ஒடுங்கி, 1903-இல் கட்டிய இரும்புப் பாலத்துக்கு அடியில் கடலோடு சேர்கிறது. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம் வருவதே அபூர்வம். இங்கே பெரிய ஓதத்தில் மூன்று மீட்டருக்கு மேல். வெளியே கடல் சட்டென்று இறங்கிவிடும், கழிக்குள் இருக்கும் தண்ணீரால் அந்த வேகத்தில் வெளியேற முடியாது. பாறைத் திட்டின் மேல் அருவி போலக் கொட்டும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் பார்க்க வேண்டும். நம் தினசரி நாட்காட்டி ஒன்றை ஊரிலிருந்து கொண்டுவாருங்கள், நான் அதைப் பார்த்துத்தான் இன்றும் கிளம்புகிறேன்.

2012 அக்டோபர் முதல் வாரம், பௌர்ணமிக்கு மறுநாள் அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். அதற்கு முந்தின வாரம் ஐயோனா மடாலயத்தில் ஒரு மணி நேரம் முழந்தாளிட்டு ஜெபித்தவர். 563-இல் அயர்லாந்திலிருந்து கொலம்பா என்ற துறவி படகில் வந்திறங்கிய தீவு என்று நான் சொன்னதும், "எந்தக் காத்துல வந்தாரு?" என்று மட்டும் கேட்டார். அப்பாவின் வள்ளம் கரை திரும்பும் வரை விழித்திருந்து பழகியவர் அவர். பாலத்தடியில் நின்று தண்ணீரைச் சற்று நேரம் பார்த்தார். நான் விளக்க வாயெடுத்தேன். "தெரியுது மக்களே. வெளிய கடல் வத்திட்டு. நீவாடு உள்ளேருந்து வருது" என்றார். நீரோட்டத்தைத்தான் எங்கள் ஊரில் நீவாடு என்போம். அப்புறம் பேச்சே இல்லை. மதியம் வந்தவர்கள், இரண்டு மணி தாண்டியது. மெல்ல இரைச்சல் குறையத் தொடங்கியது.

"பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எப்ப விடும்?"

"மூணு மணிக்கும்மா."

"நேரம் கிடக்கு. வெள்ளம் திரும்பட்டும்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஈரப் பாறையில் உட்கார்ந்துவிட்டார்.