நுவரெலியாவில் ஃபட்ஜ் ஏன் கல்லாகிறது?

சீனி, பால், கொக்கோ காய்ச்சிச் செய்யும் மெத்தென்ற இனிப்பான ஃபட்ஜ், வெப்பமானி வைத்துச் சரியாக 114 பாகை செல்சியஸில் இறக்கியும் கல்லாகி உதிர்கிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 114 கடல்மட்டத்துக்கான கணக்கு. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். காற்றழுத்தம் குறைவு, தண்ணீரே 94 பாகையில் கொதித்துவிடும். உங்கள் வெப்பமானி 114 காட்டும்போது, கொழும்பில் 120 வரை காய்ச்சிய பாகு அளவுக்கு உங்கள் பாகில் நீர் வற்றியிருக்கும்.

செய்கிற அன்றே வெப்பமானியைக் கொதிநீரில் பிடித்துப் பாருங்கள். 100க்கு எவ்வளவு குறைகிறதோ அதை 114இல் இருந்து கழித்துவிடுங்கள். நுவரெலியாவில் 6, ஹட்டன், பண்டாரவளையில் 4 அளவில் வரும். ஆக நீங்கள் இறக்க வேண்டியது 108இல். வெப்பமானி ஒன்றிரண்டு பாகை பிசகாகக் காட்டினாலும் இந்தக் கழித்தலில் சரியாகிவிடும். முனை சட்டியின் அடியில் முட்டக்கூடாது. சந்தேகமென்றால் ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள்: விரலால் உருட்ட வரவேண்டும், வெளியே எடுத்ததும் தளர்ந்து தட்டையாக வேண்டும்.

அளவு: சீனி 400 கிராம், கொக்கோ 40 கிராம், ஆடை எடுக்காத பால் 240 மில்லிலீற்றர், உப்பு ஒரு சிட்டிகை. பால்மா என்றால் கட்டியில்லாமல் கரைத்த பிறகே ஊற்றுங்கள். அடி கனமான பெரிய சட்டி வேண்டும், நன்றாகப் பொங்கும். சிறுதீயில் சீனி முழுக்கக் கரையும்வரை கிண்டுங்கள். பக்கத்தில் ஒட்டிய சீனியை நனைத்த தூரிகையால் துடைத்துவிடுங்கள். அதில் ஒரு மணி உள்ளே விழுந்தாலும் ஃபட்ஜ் மணல்மணலாகும். கொதி வந்தபின் அகப்பையைத் தொடவே வேண்டாம். பால் டொபி கிண்டிப் பழகிய கைக்கு இதுதான் கஷ்டம்.

இறக்கியதும் 40 கிராம் பட்டர், ஒரு தேக்கரண்டி வனிலாவை மேலே போட்டு அப்படியே விடுங்கள். குளிர்கிறதே என்று சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள், ஓரம் மட்டும் முதலில் உறையும். மடித்த துணிமேல் வைத்து 45 பாகைக்கு ஆறவிட்டு, பிறகு மரக்கரண்டியால் விடாமல் அடியுங்கள். மினுமினுப்பு மங்கி, கரண்டி கனக்கத் தொடங்கியதும் உடனே தட்டில் கொட்டுங்கள். மலைநாட்டுக் குளிரில் அரை நிமிடம் பிந்தினாலும் சட்டியிலேயே இறுகிவிடும். ஆகவே பட்டர் பூசிய தட்டு முன்கூட்டியே பக்கத்தில் இருக்கட்டும்.

கல்லானதை எறியாதீர்கள். நொறுக்கி, அரைக் கப் பால் விட்டு மெதுவாகக் கரைத்து, மறுபடி 108க்குக் கொண்டுவரலாம். இரண்டாம் முறை அடிபிடிப்பது சுலபம், தீயை இன்னும் குறைத்து வையுங்கள்.