போர்டு பேப்பர் சொல்லும் கதை: டிஸெபிலிட்டி பென்ஷன் கேள்வி-பதில்

கே: 17 வருடம் ஆர்மியில் இருந்தேன். டிஸெபிலிட்டி பென்ஷன் ரிஜெக்ட் ஆகிவிட்டது. கிடைக்குமா?

ப: என்ன வியாதி, எத்தனை சதவீதம், எந்த வருடம் வெளியே வந்தீர்கள்? மூன்றும் கடிதத்தில் இல்லை. ஜோசியர்கூட பிறந்த தேதி கேட்பார். மெடிக்கல் போர்டு, அதாவது உங்களைச் சோதித்த ராணுவ டாக்டர்கள் குழு, எழுதிய பேப்பரின் ஜெராக்ஸோடு திரும்ப எழுதுங்கள். ஒரிஜினல் வேண்டாம்.

கே: டிஸெபிலிட்டி 15 சதவீதம்தான் என்று போட்டிருக்கிறார்கள்.

ப: சர்வீஸ் முடிந்து வந்தவர் என்றால் 20க்குக் கீழே கிடைக்காது. நோயைக் காட்டிப் பாதியில் அனுப்பினார்கள் என்றால், சுக்விந்தர் சிங் வழக்கின் 2014 தீர்ப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படி அனுப்பினாலே 20க்கு மேல் என்றுதான் கொள்ள வேண்டும்.

கே: 2011இல் ரிட்டயர் ஆனேன். பிபி, 30 சதவீதம். பீஸ் ஸ்டேஷனில் (சண்டை இல்லாத இடத்தில்) ஆரம்பித்ததால் 'நானா' (NANA: சர்வீஸால் வந்ததும் இல்லை, சர்வீஸால் கூடியதும் இல்லை) என்று எழுதிவிட்டார்கள்.

ப: மாதத்துக்கு நாலு கடிதமாவது இப்படி வருகிறது. உங்கள் போர்டு பேப்பரைப் பாருங்கள். 'சேரும் முன்பே இருந்ததா' என்ற கட்டத்தில் 'இல்லை'. 'சர்வீஸால் வந்ததா' என்ற கட்டத்திலும் 'இல்லை'. அப்படியானால் வானத்திலிருந்தா விழுந்தது? ஆளைச் சேர்க்கும்போது மார்பளவு முதல் பல் வரை பார்த்து 'ஃபிட்' என்று முத்திரை குத்தியது இவர்கள்தானே. பீஸ் ஸ்டேஷன் என்றால் ஓய்வு என்று நினைப்பவர் அங்கே ஒரு மாதம் நைட் கார்டு நின்று பார்க்கட்டும்.

தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2013இலேயே சொல்லிவிட்டது: சேரும்போது குறிக்கப்படாத நோயால் வெளியே அனுப்பினால், அது சர்வீஸால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்றால் போர்டு காரணம் எழுத வேண்டும், நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் இல்லை. அவருக்கு வந்தது வலிப்பு, சுமார் 9 வருட சர்வீஸ். அப்பீலில் இதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். ஒன்று மட்டும் கவனம்: 2023 செப்டம்பர் 21க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புது விதிகள். அவர்கள் இதை அப்படியே காப்பி அடிக்க வேண்டாம்.

கே: லீவில் ஊருக்கு வந்திருந்தபோது பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்தது.

ப: 'லீவும் ட்யூட்டிதான்' என்பது மட்டும் போதாது. விபத்துக்கும் ராணுவ வேலைக்கும் தொடர்பு காட்ட வேண்டும். யூனிட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் நடந்திருந்தால் வாதாட இடம் உண்டு. சந்தைக்குப் போகும்போது என்றால் சிரமம்.

கே: 30 சதவீத டிஸெபிலிட்டியை 50 என்று கணக்கிட்டுப் பென்ஷன் வாங்க முடியுமா?

ப: முடியும். சுப்ரீம் கோர்ட்டின் ராம் அவதார் தீர்ப்பு, 2014 டிசம்பர்.

கே: 2006இல் வந்தவன். இப்போது டிரிப்யூனல் (ராணுவத்தினர் வழக்குகளுக்கான தீர்ப்பாயம்) போகலாமா? போர்டு பேப்பர் இணைத்துள்ளேன்.

ப: போகலாம். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனுவும் சேர்த்துப் போடுங்கள். அரியர் மட்டும் பொதுவாக 3 வருடத்துக்குத்தான். 2008இன் தர்செம் சிங் தீர்ப்பு அப்படி. அப்புறம், நீங்கள் அனுப்பியது ஒரிஜினல். எத்தனை தடவை சொல்வது? ஸ்பீட் போஸ்டில் திருப்பி அனுப்பியிருக்கிறேன், வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.